மச்சானின் வெயில் பெட்டி

எங்கள் சியாம் மச்சானைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டதாகச் சொன்னால் இன்னும் அதிகமாகப் பற்றிக்கொண்டு வரும். அவர் என் மூத்த சகோதரி ஸுல்பா ராத்தாவின் புருஷன். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. அதில் ஓர் ஆள் நுழையக்கூடிய அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால் போய்வந்து நான் அறிந்த மனிதரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் நஸ்மியா. தண்ணீரூற்றில் பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். புருஷன் இர்ஷாத் கட்டாரில் இருக்கிறார். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மச்சானின் தொழில் பழைய இரும்பு. போர்க்காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்து முகாம்களில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்துவிட்டு எங்கள் ஆட்கள் ஊர் திரும்பியபோது, வீடு இருந்த இடத்தில் காடு இருந்தது. காட்டுக்குள் இரும்பு இருந்தது. மற்றவர்கள் காணி வெட்டித் துப்புரவாக்க, மச்சான் அந்த இரும்பைப் பொறுக்கினார். அதுவே பிழைப்பாகிப்போனது. பிறகு கை சும்மா இருக்காது. கலியாண வீட்டுக்குப் போனாலும் வளைந்த அகப்பை ஒன்றோடுதான் திரும்பி வருவார். ஒருமுறை மையத்து வீட்டுக்குப் போனவர் சைக்கிள் மணி ஒன்றைக் கொண்டுவந்து, “வழியில கிடந்தது” என்று சொல்லி ராத்தாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. ஆனால் எது எங்கே கிடக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார்.

ராத்தாவுக்கு முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. அது முகாமில் பிடித்தது. ஓலைக் கொட்டிலுக்குள் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்ததில் வந்தது என்று நான் சொல்வேன். இரவில் படுக்க முடியாது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விடியும் வரை இழுப்பாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “அம்மா, புகைக்குக் கிட்டவும் போகாதேங்கோ. இனியும் போனா உங்கட நெஞ்சு தாங்காது.” மச்சான் அன்றைக்கே எங்கேயோ அலைந்து ஒரு காஸ் அடுப்பை வாங்கிக்கொண்டு வந்தார். ராத்தா ஆறேழு வருடம் மூச்சு விட்டது அந்த அடுப்பால்தான்.

அந்த வருடம் காஸ் இல்லாமல் போனது. நாடே வரிசையில் நின்ற வருடம் அது. சிலிண்டர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கரண்ட் வந்தால் அதிசயம். நான் என் குசினியில் விறகு வைத்துச் சமைத்து, பொட்டால் அவர்களுக்கும் அனுப்பினேன். நான் பெருந்தன்மையோடு செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்தா சட்டியை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“என்ட மனுசனுக்கு ஒரு பிடி சோறு ஆக்கிப் போட ஏலாதவளாப் போயிட்டன் என்ன?” என்றாள் ஒருநாள்.

“ஆக்கிப் போட்டுச் சாகப்போறியா?” என்றேன் நான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அது பொய்யும் இல்லை.

அதை மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் முற்றத்தில் தட்டுகிற சத்தம் தொடங்கியது.

எங்கேயோ போனில் பார்த்தாராம், வெயிலில் சோறு வேகவைக்கும் பெட்டி. என்ன பெட்டி, எப்படி வேகும் என்று கேட்டேன். “வெயில் உள்ளுக்குப் போகும், வெளிய வராது” என்றார். அது என்ன எலிப்பொறியா என்று கேட்டேன். “ஓம், அப்பிடித்தான்” என்றார். எனக்கு அதற்குமேல் விளங்கவில்லை. அவருக்கும் அதற்குமேல் விளங்கியதாகத் தெரியவில்லை.

முள்ளியவளையில் ஒரு வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய குளிர்ப்பெட்டியை முன்பு எடுத்து வந்திருந்தார். அதை மல்லாத்திப் படுக்க வைத்தார். கதவைக் கழற்றி, அதன் உட்புறம் முழுக்கப் பால்மா பைக்கற்றுகளைப் பிரித்து, வெள்ளியாகப் பளபளக்கும் பக்கம் வெளியே தெரிய, கோதுமை மாப் பசையால் ஒட்டினார். ஊரில் ஒரு வீடு மிச்சமில்லை, எல்லா வீட்டிலும் போய் வெறும் பால்மா பைக்கற்றுக் கேட்டார். பால்மாவே கிடைக்காத நாளில் வெறும் பைக்கற்றுக் கேட்டு வருகிற மனிதரைப் பார்த்து ஊர் சிரித்தது. பிறகு ஒரு வான் வண்டியின் பக்கக் கண்ணாடி. அது முள்ளிவாய்க்கால் கரையில் கிடந்த வான் ஒன்றிலிருந்து பல வருடங்களுக்கு முன் கழற்றி, சாக்கில் சுற்றி வைத்திருந்தது. அந்தக் கண்ணாடி பெட்டியின் வாய்க்கு மேலே படுத்தது. பளபளக்கிற கதவு அதற்குப் பின்னால் மூடியைப்போல் நிமிர்ந்து நின்றது. ஒரு அலுமினியப் பானைக்குக் கரும்பலகைப் பெயின்ற் பூசினார். ராத்தா அந்தப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து நிலா மாதிரி வைத்திருந்தவள். அதைப் பார்த்து அழாத குறை.

பெட்டியை வைக்கும்போதுதான் அந்த வேலை பார்த்தார். நோன்புக்குச் சில நாட்கள்தான் இருந்தன. “நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சப்போற பெட்டி. கிப்லாவைப் பாத்து நிக்கட்டும்” என்று சொல்லி, பள்ளிவாசல் சுவரோடு ஒத்துப் பார்த்து, முகம் தொழுகிற திசையான மேற்கே இருக்கும்படி நாலு கல் நட்டு, சீமெந்து போட்டு இறுக்கிவிட்டார். நல்ல காரியம்தானே, நாங்களும் ஆமீன் சொன்னோம்.

முதல் நோன்பு. மத்தியான லுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்து அரிசி, வெந்தயம், பூண்டு, இஞ்சி, ரம்பை எல்லாவற்றையும் பானையில் போட்டு, பிஸ்மி சொல்லி உள்ளே வைத்தார். “பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் ஒருத்தரும் துறக்கப்படாது. சூடு போயிடும். நான்தான் துறப்பன்” என்று கட்டளை. எல்லோருக்கும் நோன்பு, ருசி பார்க்கவும் ஏலாது, எட்டிப் பார்க்கவும் விடமாட்டார். நான் முன்னெச்சரிக்கையாக என் குசினியில் இன்னொரு பானைக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தேன். அவரை நம்பி நோன்பு திறக்க எனக்குப் பைத்தியமா?

பள்ளிவாசல் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணாடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. கஞ்சி குழைந்து, தளதளவென்று கிடந்தது. ராத்தா தேங்காய்ப்பாலை ஊற்றிக் கலக்கினாள். அவள் கையால் கலக்கி, அவள் கையால் கோப்பையில் ஊற்றி, அவள் கையால் அவருக்கு நீட்டினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் காய்ச்சியதை அடுத்த வேலி மீராசாகிபு காக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

நோன்பு மாதம் முழுக்க அந்தப் பெட்டி ஒருநாளும் பிழை விடவில்லை. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டு, “சுப்ஹானல்லாஹ்” என்றார். ராத்தா இரவில் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைப் பார்க்கிறதற்காகவே மச்சான் முழித்திருந்ததாக அவளே எனக்குச் சொன்னாள். எனக்கு மச்சானின் மேல் அப்போது ஒரு மரியாதை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பெருநாள் முடிந்தது. பகல் சாப்பாடு திரும்பி வந்தது. அங்கேதான் எல்லாம் குழம்பத் தொடங்கியது.

காலையில் அரிசியை வைத்துவிட்டு மச்சான் சைக்கிளில் தொழிலுக்குப் போவார். லுஹருக்கு வந்து திறந்தால் அரிசி ஊறிக் கிடக்கும், வெந்திராது. வெதுவெதுப்பு இருக்கும், அவ்வளவுதான். அதே பெட்டி, அதே பானை, அதே அரிசி, அதே வெயில். நோன்பில் வெந்தது இப்போது ஏன் வேகவில்லை? முருங்கை நிழல் விழுகிறது என்று கொப்புகளை வெட்டினார். வேகவில்லை. பால்மா பைக்கற்று மங்கிவிட்டது என்று புதிதாக ஒட்டினார். வேகவில்லை. அரிசியில் பிழை என்றார், தண்ணீரில் பிழை என்றார். நான் வந்து அந்த அரைவேக்காட்டை என் குசினியில் ஏற்றி வேகவைத்துக் கொடுப்பேன். ராத்தா மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“நோன்பு மாசத்து அருளில, அந்தப் பரக்கத்தில வெந்திருக்கு” என்றார் மச்சான் ஒருநாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “பரக்கத் போனாப் பிறகு பெட்டியின்ர உண்மையான குணம் தெரியுது.”

“பெட்டிக்கு என்ன குணம்?” என்றேன்.

“ஹராமான சாமான் இருக்கும் போல, அதில.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழைய இரும்பு பொறுக்கியவருக்கு மனதுக்குள் ஒரு முள் இருந்திருக்கிறது. வீடுகள் சும்மா கிடந்தன, ஆட்கள் இல்லை, எடுத்தார். எத்தனையோ பேர் எடுத்தார்கள். ஆனால் யாருடைய வீடு, யாருடைய கதவு, கேட்டு எடுத்தேனா என்று இந்த மனிதரை இத்தனை வருடமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கும் மேலே ஒன்று சொன்னார் பாருங்கள்:

“அதுதான் இவளுக்கு முட்டாப் பிடிச்சிருக்கு. நான் செஞ்சதுக்கு இவள் இழுக்கிறாள்.”

“மச்சான், அது முகாமில வந்த வருத்தம். நீங்க ஒரு ஆணியைக் கூடத் தொடாத காலத்தில வந்தது” என்று கத்தினேன். காதில் வாங்கினால்தானே. பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் உரியவரிடம் போய் ஹலால் கேட்கப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். எங்கள் ஆட்களில் அது வழக்கம்தான். ஹஜ்ஜுக்குப் போகிறவர், மௌத்துக்குக் கிட்ட இருக்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ எடுத்ததை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். சோறு வேகவில்லை என்று கேட்கப் போனது எங்கள் மச்சான் ஒருவர்தான்.

முதலில் குளிர்ப்பெட்டிக்காரர். முள்ளியவளையில் சிவராசா என்கிறவர், வயல் செய்கிறவர். மச்சான் திரும்பி வந்து எங்களுக்கு நடித்தே காட்டினார்.

“அண்ணை, உங்கட பழைய குளிர்ப்பெட்டி நான் எடுத்ததை நீங்க மனசோட தந்ததாச் சொல்ல வேணும்.”

“அட, அதுக்குள்ள நாய் குட்டி போட்டுக் கிடந்தது. கொண்டு போனதுக்கு நானெல்லோ உமக்கு நன்றி சொல்ல வேணும்?”

“அப்பிடியில்ல அண்ணை. வாயால ஒருக்காச் சொல்லுங்கோ.”

“என்னெண்டு சொல்லுறது?”

“மனசோட தந்தனான் எண்டு.”

“சரி. மனசோட தந்தனான். இவ்வளவு காணுமோ?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது சரி, இதுக்கும் சோறு வேகிறதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டிருக்கிறார். சிவராசாவின் மனிசி ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தனுப்பியிருந்தா. நம் முருங்கையை வெட்டிவிட்டோமே, அது உதவியது.

கண்ணாடிதான் பிரச்சினை. பெற்றோல் இல்லாத நாளில், கொளுத்துகிற வெயிலில், முள்ளிவாய்க்கால் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போனார். அன்று வான் கிடந்த காணியில் இப்போது ராஜினி என்று ஒரு பெண் இருக்கிறாவாம். புருஷன் கடல் தொழில். மச்சான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவா வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறா.

“எங்கட காணியில கிடந்தது எண்டா அது எங்கட வான் எண்டு சொல்லேலுமோ அண்ணை? அதில வந்த ஆக்கள் ஆர் எண்டு எங்களுக்கும் தெரியாது.”

“அப்ப நான் ஆரிட்டக் கேக்கிறது, தங்கச்சி?”

அவா வலையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாவாம்: “கேட்டிட்டீங்கள்தானே அண்ணை. அதுவே காணும்.”

மச்சான் மஃரிபுக்குத்தான் வந்து சேர்ந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. ராத்தா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்:

“நாளைக்குப் பாப்பம். நாளைக்கு வெந்தா, அல்லாஹ் பொருந்திக்கிட்டான் எண்டு அர்த்தம். வேகாட்டி, நான் செஞ்சது செஞ்சதுதான். இவளின்ர வருத்தமும் என்ட கழுத்திலதான்.”

“இப்பிடியெல்லாம் அல்லாஹ்வோட பந்தயம் கட்டாதேங்கோ” என்றேன். ராத்தா பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் நான் பாலர் பாடசாலை முடிந்து வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். பொட்டால் ஓடினேன். மச்சான் பெட்டிக்கு முன்னால் மணலில் நெற்றியை வைத்து சுஜூதில் கிடந்தார். பக்கத்தில் பானை. சோறு பூப்போல வெந்திருந்தது.

அன்றிலிருந்து பெட்டி ஒருநாளும் பிழை விடவில்லை. மச்சான் ஆளே மாறிப்போனார். பள்ளிவாசலில் சொன்னார், கடையில் சொன்னார், வழியில் போகிறவரை நிறுத்திச் சொன்னார். எனக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணாடிக்கு மன்னிப்புக் கேட்டால் வெயில் சூடாகுமா? ஒருநாள் முழுக்க மப்பு. சூரியனே கண்ணில் படவில்லை. அன்றும் வெந்திருந்தது! “பாத்தியா நஸ்மியா, வெயில் இல்லாமலும் வேகுது” என்றார். ஒருவேளை நம் ஈமான்தான் குறைவோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற நேரத்திலும் அந்தச் சோறுதான் நினைவில் நின்றது.

அதோடு இன்னொரு குழப்பம். ராத்தாவுக்கு இருமல் திரும்பியது. முதலில் லேசாக. பிறகு இரவில் எழுந்து உட்கார ஆரம்பித்தாள். வீட்டில் புகை என்பதே இல்லை, அப்படியானால் எதனால்? மச்சான் பானையின் பெயின்ற் மணம் என்றார். சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பும் கரியும் பூசினார். குறையவில்லை. முற்றத்து இரும்பின் கறள் என்றார். முழுவதையும் வீட்டுக்குத் தூரமாக அள்ளிக் குவித்தார். குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். “வீட்டில விறகு எரிக்கிறீங்களா?” என்று டொக்டர் கேட்டார். “எங்கட வீட்டில அடுப்பே இல்ல டொக்டர். வெயில்லதான் சமைக்கிறம்” என்றார் மச்சான், பெருமையாக. டொக்டர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், மருந்தை எழுதினார். ராத்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் என் குசினிப் பின்புறம் அடுக்கிய விறகும் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அடுத்த பக்கத்து வேலி மீராசாகிபு காக்காவின் வீடு. அவர்கள்தான் எடுக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வேலியோரம் நின்று, “சில பேருக்கு மற்றவங்கட விறகில சமைச்சாத்தான் ருசி” என்று கோழிக்குச் சொல்வதுபோலச் சத்தமாகச் சாடை சொல்லிப் பார்த்தேன். காக்காவின் மனுசி மூன்றாம் நாளே என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டா. விறகு மட்டும் இறங்குவதை நிறுத்தவில்லை.

பிறகு ஒருநாள் காலை, பிள்ளைகளுக்குக் காய்ச்சுகிற கஞ்சிக்கு அரிசி வந்து சேரவில்லை என்று எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். நான் பத்து மணிபோல் வீட்டுக்கு வந்தேன். என் குசினிக் கூரையால் புகை போகிறது. நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

உள்ளே ராத்தா. என் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள். என் பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மச்சானின் பெட்டிக்குச் சோறு கொண்டுபோக அவர்கள் வீட்டுச் சட்டி ஒன்று வெறுமையாகக் காத்திருந்தது; கறுப்புப் பானை அரிசியோடு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

எனக்கு எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. விளங்கியது என்று சொல்கிறேன், கோபத்தில் கண்ணும் தெரியவில்லை.

“உனக்குப் பைத்தியமாடி? டொக்டர் சொன்னது மறந்து போச்சா? எத்தின நாளாச் செய்யுறாய் இந்த வேலை?”

அவளால் உடனே பேச முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொன்னாள்.

“முள்ளிவாய்க்கால் போயிட்டு வந்த அண்டைக்கு... அவரின்ர முகத்தப் பாத்தியா நீ? அடுத்த நாள் பெட்டியத் துறந்து பாத்தன். அரிசி அப்பிடியே கிடந்திச்சு. அந்த மனுசன் வந்து அதத் துறந்தா... அல்லாஹ் என்னை மன்னிக்கேல்ல எண்டு சாகும் வரைக்கும் நினைச்சுக்கொண்டிருப்பாரே. ஒருநாள்தானே எண்டு ஆக்கி வச்சன். பிறகு எப்பிடி நிப்பாட்டுறது, நஸ்மியா? நிப்பாட்டினா மன்னிப்புத் திரும்பப் போயிட்டுது எண்டல்லோ நினைப்பார்.”

அவளைக் காப்பாற்ற அவர் பெட்டி செய்தார். அவரைக் காப்பாற்ற இவள் புகைக்குள் போய் உட்கார்ந்தாள். நான் அறைந்திருப்பேன், இருவரையும். ஆனால் அறைய நேரம் இருக்கவில்லை. அவளுடைய உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நெஞ்சுக்குள் விசில் அடிப்பது வாசல்வரை கேட்டது. அப்படியே என் கையில் சரிந்தாள்.

அவசரத்துக்கென்று கொஞ்சம் பெற்றோல் ஒளித்து வைத்திருந்த ஓட்டோக்காரர் தர்சன்தான் அன்றைக்கு எங்களுக்கு வானத்திலிருந்து வந்த மலக்கு. ஆஸ்பத்திரியில் புகைபோல மருந்து வருகிற மூடியை முகத்தில் மாட்டி, ஊசி போட்டு, கட்டிலில் நிமிர்த்தி வைத்தார்கள். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா...” என்று தாதி சொல்லத் தொடங்க, வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன்.

தகவல் போய் மச்சான் வந்து சேர்ந்தபோது லுஹர் கழிந்துவிட்டது. கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. ராத்தா மயங்கி விழுந்த செய்தியைக் கேட்டு வீட்டுக்கு ஓடியவர், அவளுக்குப் பசிக்குமே என்று வெயில் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்தச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினார். ஊறிய அரிசி.

“இண்டைக்கு வேகேல்ல, நஸ்மியா” என்றார். “இவள் விழுந்த நேரம் பாத்து அல்லாஹ் கையை எடுத்திட்டான். என்னைப் பொருந்தேல்ல.”

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் மூடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. நான் சொன்னேன். வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

“அல்லாஹ் கையை எடுக்கேல்ல மச்சான். கைய எடுத்தவள் இவள்தான்! இவ்வளவு நாளும் வெந்த சோறு என்ட அடுப்பில, என்ட விறகில, இவள் ஊதி ஊதி ஆக்கினது. பெட்டி ஒரு நாளும் வேகவைக்கேல்ல. விளங்குதா?”

அவருக்கு விளங்கவில்லை. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கதிரையில் இருந்தார், எழுந்தார், மறுபடி இருந்தார்.

“அப்ப... நோன்பில கஞ்சி காய்ச்சினது ஆர்?”

ராத்தா மூடியை விலக்கினாள். “அது பெட்டிதான்” என்றாள். “வல்லாஹி, அது பெட்டிதான்.”

மச்சான் அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மனிதர் பெட்டியை உடைப்பாரோ, கிணற்றடிக்குப் போவாரோ என்று என்னென்னவோ நினைத்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார். அதே சாப்பாட்டுப் பெட்டி. திறந்தார். சோறு வெந்து குழைந்திருந்தது.

“திரும்பக் கொண்டு போய் வச்சிட்டு முன்னுக்குக் குந்தியிருந்தன்” என்றார். “இவ்வளவு நாளும் வச்சிட்டுப் போறதும் வந்து துறக்கிறதும்தானே. இருந்து பாக்கேல்லையே. போய்ப் பாத்தா வெயில் நேர உள்ளுக்கு விழுது. காலமையில விழாது, நஸ்மியா. பின்னால நிமித்தி வச்ச கதவு கிழக்கால வாற வெயில மறைக்குது. லுஹர் கழிஞ்சாப் பிறகுதான் வெயில் அங்கால போய் முகத்தில அடிக்குது.”

கிப்லாவைப் பார்த்து வைத்த பெட்டி மத்தியானத்துக்குப் பிறகுதானே மேற்கு வெயிலைப் பார்க்கும்! நோன்பில் நாங்கள் லுஹருக்குப் பிறகு வைத்து மஃரிபுக்கு எடுத்தோம். பெருநாளுக்குப் பிறகு காலையில் வைத்து லுஹருக்கு எடுத்தோம். இவ்வளவுதான் விஷயம். இதற்கா அந்த மனிதர் வெயிலில் வெந்து முள்ளிவாய்க்கால் போனார்? இதற்கா இவள் புகையில் வெந்தாள்? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வார்டில் இரண்டையும் செய்தேன்.

ஆனால் மச்சானுக்குத் தெளிவு வந்ததாகத் தெரியவில்லை. நெடுநேரம் கழித்துக் கேட்டார்: “அப்ப, பொருந்தினதோ இல்லையோ?”

ராத்தா அந்தச் சோற்றில் ஒரு பிடி எடுத்து அவருக்கு நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அலவாங்கு எடுத்துச் சீமெந்தை உடைக்கப் போனவர், நடுவில் நின்றுவிட்டார். கிப்லாவிலிருந்து திருப்பலாமா? பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டார். “தொழுறது நீங்க, சியாம் நானா. பெட்டி இல்ல” என்று அவர் சொன்ன பிறகுதான் மிச்சத்தை உடைத்தார். குவியலுக்குள்ளிருந்து ஒரு சுழல் கதிரையின் சில்லுக் கால்களை எடுத்துக்கொண்டு வந்து பெட்டிக்கு அடியில் பூட்டினார். இப்போது அது வெயில் போகிற பக்கமெல்லாம் திரும்பும். ராத்தாவே விரலால் தள்ளித் திருப்புகிறாள். மீராசாகிபு காக்காவின் மனுசிக்கு நான் ஒரு சட்டி வட்டிலப்பம் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டா, சிரிக்கவில்லை.

திருப்பி வைத்த பிறகு வந்த முதல் பகல் சாப்பாட்டுக்கு நானும் இருந்தேன். மச்சான் கண்ணாடியைத் தூக்கினார். ஆவி வந்தது. சோறு பதமாக வெந்திருந்தது. நான், “அல்ஹம்துலில்லாஹ்” என்று துள்ளினேன். அவர் துள்ளவில்லை. ராத்தாவைப் பார்த்தார்.

“கையைக் காட்டு.”

“என்னத்துக்கு?”

“காட்டு, ஸுல்பா.”

அவள் நீட்டினாள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் புகை மணக்கிறதா என்று மணந்து பார்த்தார். பிறகு அவளுடைய முந்தானைத் தலைப்பை எடுத்து மணந்தார். பிறகு நெற்றிப் பக்கத்து முடியை. கறளிலும் ஒயிலிலும் ஊறிப்போன மூக்கு அது. திருப்திப்பட அதற்கு நேரம் எடுத்தது. ராத்தாவுக்கு என் முன்னால் வெட்கம், கோபம்.

“என்னில நம்பிக்கை இல்லையோ உங்களுக்கு?”

“நம்பி நம்பித்தானே உன்னை ஆஸ்பத்திரியில போட்டனான்” என்றார் மச்சான்.

காஸ் இப்போது கிடைக்கிறது. இருந்தும் வெயில் உள்ள நாளெல்லாம் அவர்கள் வீட்டில் சோறு வேகிறது அந்தப் பெட்டியில்தான். லுஹர் தொழுதுவிட்டு வந்து, கால் கழுவி, பானையைத் திறந்து, முதலில் அவள் கையைப் பிடித்து மணந்து பார்ப்பார். இப்போது அவள் கோபிப்பதில்லை. அவர் பாயில் வந்து உட்காரும்போதே கையை நீட்டிவிடுகிறாள்.